கதவு இடுக்கா, சார்ஜர் க்யூவா? எலெக்ட்ரிக் கார் வாங்குமுன் எதைப் பார்க்கணும்?

எலெக்ட்ரிக் கார் ஷோரூமுக்குள் ஒரு குடும்பம் நுழைந்தால் என்ன நடக்கும் என்று கவனித்திருக்கிறீர்களா? அப்பா கதவைத் திறந்து மூடிப் பார்ப்பார். 'டப்' என்று கனமாகச் சத்தம் கேட்டால் அவருக்குப் பாதி திருப்தி. அம்மா பின் சீட்டில் உட்கார்ந்து முட்டி இடிக்கிறதா என்று பார்ப்பார். பையன் நேராக டச் ஸ்க்ரீனுக்குப் போய்விடுவான். தாத்தா டயரை ஒரு தட்டு தட்டுவார். 15, 20 லட்சம் ரூபாய் போடுகிற விஷயம். பார்க்க வேண்டியதுதான்.

ஆனால், 'பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது உளுந்தூர்பேட்டையில் சார்ஜர் வேலை செய்யுமா?' என்று மட்டும் அந்த ஷோரூமில் யாரும் கேட்பதில்லை.

பெட்ரோல் காரில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. எந்தக் கம்பெனி கார் வாங்கினாலும் அதே பங்க், அதே பெட்ரோல். எலெக்ட்ரிக் காரில் கார் ஒரு பாதி என்றால், அது சார்ஜ் ஏறுகிற இடம் இன்னொரு பாதி. இந்த இரண்டு பாதியையும் ஒருசேர நன்றாகச் செய்த கம்பெனியைத் தேடிப் பிடிப்பது உலகம் முழுக்கவே கொஞ்சம் கஷ்டம்தான். இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்கா.

இடைவெளி இருந்தும் ஜெயித்த டெஸ்லா

டெஸ்லாவின் ஆரம்பகால கார்களைப் பற்றி அமெரிக்காவில் அலுக்காமல் சொல்லப்பட்ட குறை, 'பேனல் கேப்'. அதாவது பானெட்டுக்கும் பக்கவாட்டுத் தகட்டுக்கும் நடுவில், கதவுக்கும் கதவுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி. நல்ல காரில் இது மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் இருக்கும். டெஸ்லாவில் ஒரு முனையில் விரல் நுழையும், இன்னொரு முனையில் நகம்கூட நுழையாது என்று கிண்டல் செய்தார்கள். கார்களைப் பிரித்து மேய்வதையே தொழிலாக வைத்திருக்கும் சாண்டி மன்ரோ என்ற இன்ஜினீயர், 2018-ல் மாடல் 3 காரைக் கழற்றிப் பார்த்துவிட்டு பாடி வேலையைக் கடுமையாக விமர்சித்தார். அதே மனிதர், உள்ளே இருந்த பேட்டரியையும் எலெக்ட்ரானிக்ஸையும் பார்த்து அசந்தும் போனார்.

ஜே.டி.பவர் நிறுவனம் 2020-ல் புது கார்களின் தரத்தை ஆராய்ந்தபோது, டெஸ்லாவில் 100 கார்களுக்கு 250 குறைகள் சொல்லப்பட்டன. மற்ற கம்பெனிகளையும் சேர்த்த சராசரி 166. அதில் பெரும்பாலும் பெயின்ட், பொருத்தம், சத்தம் சம்பந்தப்பட்ட புகார்கள்தான். 2025 மார்ச்சில் இன்னொரு கூத்து. சைபர்ட்ரக்கின் வெளிப்புற ஸ்டீல் பட்டை ஒன்று பசை விட்டுக் கழன்று விழலாம் என்று 46,096 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். 'மைக்ரான் அளவில் துல்லியம் வேண்டும்' என்று எலான் மஸ்க் ஊழியர்களுக்கு மெயில் அனுப்பிய அதே வண்டி!

இவ்வளவு குறை இருந்தும் ஜனங்கள் ஏன் டெஸ்லாவை வாங்கினார்கள்? பல காரணங்கள் உண்டு. என்னைக் கேட்டால், அதில் பாதி 'சூப்பர்சார்ஜர்' என்பேன். 2012 செப்டம்பரில் கலிஃபோர்னியாவில் 6 இடங்களில் ஆரம்பித்தார்கள். கார் விற்பவரே பங்க்கும் வைப்பது அன்றைக்குக் கேலிக்குரிய யோசனை. ஆனால் வண்டியை நிறுத்து, வயரைச் செருகு, காபி குடி, கிளம்பு என்பதுதான் அதன் மொத்த அனுபவமும். ஆப் கிடையாது, கார்டு தேய்ப்பது கிடையாது. கார் எது, யாருடையது என்று சார்ஜருக்கே தெரியும். காசு தானாகப் பிடித்துக்கொள்ளும்.

மற்ற கம்பெனிகளின் கதை தலைகீழ். கார் அழகாக இருக்கும், கதவு இடுக்கு கச்சிதமாக இருக்கும். ஆனால் சார்ஜர் அவர்களுடையது இல்லை. ஃபோக்ஸ்வேகன் டீசல் புகை மோசடியில் மாட்டியபோது, பரிகாரமாக 10 வருடத்தில் 200 கோடி டாலர் செலவழிக்க ஒப்புக்கொண்டது. அந்தப் பணத்தில் பிறந்ததுதான் 'எலெக்ட்ரிஃபை அமெரிக்கா' என்ற சார்ஜிங் கம்பெனி. தண்டனைக்காகக் கட்டியதை ஆசையாகப் பராமரிப்பார்களா என்று அப்போதே பலர் சந்தேகப்பட்டார்கள். 2022-ல் சான்ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில், டெஸ்லா அல்லாத பொது ஃபாஸ்ட் சார்ஜர்கள் 657-ஐ ஆய்வாளர்கள் நேரில் போய்ச் சோதித்தார்கள். ஒழுங்காக வேலை செய்தவை 72.5 சதவிகிதம். நாலில் ஒன்று தேறவில்லை. ஸ்க்ரீன் செத்துப்போனது, பணம் வாங்க மறுத்தது, வயர் எட்டாதது என்று விதவிதமான காரணங்கள். இத்தனைக்கும் அது அமெரிக்காவிலேயே எலெக்ட்ரிக் கார்கள் அதிகம் ஓடும் பகுதிகளில் ஒன்று!

2023 ஆகஸ்ட்டில் ஃபோர்டின் தலைவர் ஜிம் ஃபார்லே, தன் கம்பெனியின் எலெக்ட்ரிக் பிக்கப்பை எடுத்துக்கொண்டு நீண்ட பயணம் போனார். வழியில் ஒரு மெதுவான சார்ஜரில் மாட்டிக்கொண்டு, 40 சதவிகிதம் ஏறுவதற்கு 40 நிமிடம் காத்திருந்ததை அவரே வீடியோவாகப் போட்டார். வண்டி செய்கிற முதலாளிக்கே அந்த நிலைமை. அதற்கு முன்பே, அந்த வருடம் மே மாதத்தில், டெஸ்லாவின் சார்ஜர்களைப் பயன்படுத்திக்கொள்ள ஃபோர்டு ஒப்பந்தம் போட்டிருந்தது. ஜூனில் ஜெனரல் மோட்டார்ஸ் போட்டது. பிறகு வரிசையாக மற்ற கம்பெனிகளும் வந்துவிட்டன. போட்டியாளரின் ப்ளக்கையே தங்கள் காரில் வைக்கச் சம்மதித்தது கார் உலகில் அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

அங்கேயும் ஒரு திருப்பம் உண்டு. 2024 ஏப்ரல் கடைசியில் சூப்பர்சார்ஜர் பிரிவில் இருந்த சுமார் 500 பேரை ஒரே நாளில் டெஸ்லா வீட்டுக்கு அனுப்பியது. பிறகு சிலரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. ஒரே கம்பெனியின் சார்ஜரை நம்பி ஒரு நாடே வண்டி ஓட்டினால், அந்த முதலாளியின் ஒரு நாள் மூடும் எல்லோருடைய பிரச்னை ஆகிவிடும்.

நம்ம ஊரில் ப்ளக் சண்டை இல்லை

இந்த விஷயத்தில் நாம் கொஞ்சம் அதிர்ஷ்டசாலிகள். ஆரம்பத்தில் மெதுவான வேறு ஒரு வகை சார்ஜர் இங்கே இருந்தது. பழைய டிகோர் இ.வி., மஹிந்திரா இ-வெரிட்டோ ஓட்டியவர்களுக்குத் தெரியும். ஆனால் இப்போது டாடா, எம்.ஜி., மஹிந்திரா, ஹூண்டாய், மாருதி, பி.ஒய்.டி., வின்ஃபாஸ்ட் என்று எந்தக் கார் வாங்கினாலும் ஃபாஸ்ட் சார்ஜிங் வாய் ஒன்றுதான். சி.சி.எஸ்-2 என்று பெயர். 2025 ஜூலையில் மும்பையில் கடை திறந்த டெஸ்லாவும் இங்கே அதே வாயோடுதான் விற்கிறது.

அப்படியென்றால் நிம்மதிதானே? அங்கேதான் இருக்கிறது வேடிக்கை. ப்ளக் ஒன்று, ஆப் பல. டாடா பவருக்கு ஒன்று, ஜியோ-பி.பி.க்கு ஒன்று, ஸ்டாடிக்குக்கு ஒன்று, நம் கோயம்புத்தூர் கம்பெனியான ஜியானுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு வாலெட், வாலெட்டில் கொஞ்சம் பணம். ஹைவேயில் எலெக்ட்ரிக் கார் ஓட்டுபவரின் மொபைலைப் பார்த்தால் சார்ஜிங் ஆப்களுக்கென்றே ஒரு பக்கம் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே ஆப்பில் கொண்டுவர பெல் நிறுவனத்திடம் பொறுப்பைக் கொடுப்பது பற்றி 2025-ல் மத்திய கனரகத் தொழில் அமைச்சகம் பேசியது. 'பி.எம். இ-டிரைவ்' திட்டத்தின் 10,900 கோடி ரூபாயில் 2,000 கோடி சார்ஜிங் நிலையங்களுக்கு என்று ஒதுக்கப்பட்டிருக்கிறது.

கார் கம்பெனிகளும் மெதுவாக விழித்துக்கொண்டன. சார்ஜர் கம்பெனிகளோடு கைகோத்து 2027-க்குள் 4 லட்சம் சார்ஜிங் பாயின்ட் என்பது டாடாவின் இலக்கு. மஹிந்திரா 180 கிலோவாட் நிலையங்களைத் தன் பெயரிலேயே வைக்கத் தொடங்கியிருக்கிறது. ஹூண்டாய், தமிழ்நாடு அரசோடு 2023 மே மாதம் போட்ட 20,000 கோடி ரூபாய் ஒப்பந்தத்தில், நெடுஞ்சாலைகளில் 100 சார்ஜிங் நிலையங்கள் என்பதும் ஒரு வரி. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் க்ரெட்டா எலெக்ட்ரிக் செய்கிறவர்கள், செய்த வண்டி ஓடவும் வழி செய்துதானே ஆகணும்!

எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள்

'உங்கள் ரூட்டில் 60 சார்ஜர் இருக்கு சார்' என்று சேல்ஸ்மேன் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். அந்த 60-ல் எத்தனை ஃபாஸ்ட் சார்ஜர் என்று கேளுங்கள். ராத்திரி முழுக்கப் போட வேண்டிய 3.3 கிலோவாட், 7 கிலோவாட் சார்ஜர்களும் இந்தக் கணக்கில் வந்துவிடும். லாட்ஜில் தங்குகிறவருக்கு அது போதும். வழியில் டிபன் சாப்பிடுகிற நேரத்தில் ஏற்ற வேண்டியவருக்கு அது உதவாது.

அடுத்தது, கன் எத்தனை? பல இடங்களில் 60 கிலோவாட் இயந்திரத்தில் இரண்டு கன் தொங்கும். நீங்கள் மட்டும் இருந்தால் 60. பக்கத்தில் இன்னொரு கார் வந்து செருகினால் ஆளுக்கு 30. உங்கள் 40 நிமிடம் ஒன்றேகால் மணி நேரம் ஆகிவிடும். காரும் எவ்வளவு வாங்கும் என்று பார்க்க வேண்டும். நெக்ஸான் 45 சுமார் 60 கிலோவாட்வரை இழுக்கும். விண்ட்சரின் 38 கிலோவாட்-ஹவர் மாடல் 45. மஹிந்திரா பி.இ.6-ன் பெரிய பேட்டரி 175-வரை வாங்கும், 20-லிருந்து 80 சதவிகிதத்துக்கு 20 நிமிடம் என்கிறது கம்பெனி. ஆனால் வழியில் இருப்பது 60 கிலோவாட் இயந்திரம் என்றால், 175 வாங்கும் வண்டிக்கும் கிடைப்பது 60-தான்.

80-க்கு மேல் ஏன் மெதுவாக ஏறுகிறது என்று பலருக்குக் குழப்பம். காலி பஸ்ஸில் ஏறுவதை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஏறுகிறவர்கள் ஓடிப்போய் உட்கார்ந்துவிடுவார்கள். கடைசியில் ஏறுகிறவர்கள்தான் ஒவ்வொரு சீட்டாகத் தேடிக்கொண்டு நடப்பார்கள். பேட்டரியும் அப்படித்தான். அதனால் ஹைவேயில் 80 வந்ததும் கழற்றிவிட்டுக் கிளம்புவதுதான் உங்களுக்கும் நல்லது, பின்னால் காத்திருப்பவருக்கும் நல்லது. விழுப்புரம் தாண்டி ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் நான் பார்த்த காட்சி இது. வண்டியைச் செருகிவிட்டு ஒரு குடும்பம் சாப்பிடப் போய்விட்டது. 100-ஐத் தொட்டும் 25 நிமிடம் ஆளைக் காணோம். காத்திருந்த இரண்டு டிரைவர்கள் ஓட்டல்காரரிடம் மைக்கில் நம்பரைச் சொல்லி அறிவிக்கச் சொன்னார்கள். கல்யாண மண்டபத்தில் 'வண்டியை எடுங்க' என்பார்களே, அதேதான்!

தூரத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். சென்னையிலிருந்து மதுரை சுமார் 460 கி.மீ. நெக்ஸான் 45-க்குச் சோதனைக்கூடக் கணக்கில் 489 கி.மீ. என்று போட்டிருக்கும். அதை நம்பி நிற்காமல் கிளம்பக் கூடாது. நிஜ ரோட்டில் கிடைப்பது 350 சொச்சம் என்று டாடாவே தனியாக ஒரு எண்ணைச் சொல்கிறது. ஏ.சி., நாலு பேர், டிக்கி நிறைய பை, 100 வேகம் என்றால் அதிலும் குறையும். 10 சதவிகிதத்துக்குக் கீழே இறங்காமல் போவதாக வைத்துக்கொண்டால், வழியில் ஒரு நல்ல நிறுத்தம் கட்டாயம். மனசு நிம்மதிக்கு இரண்டு. சாதாரண நாளில் இது ஒரு பெரிய விஷயமே இல்லை. பொங்கல், தீபாவளிக்கு முதல் நாள் மட்டும் அரை நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு நாளில் மொத்தச் சென்னையும் அதே ரோட்டில்தான் இருக்கும்.

வீட்டில் பார்க்கிங், 15 ஆம்ப் ப்ளக், ராத்திரி சார்ஜ் என்று இருப்பவர்களுக்கு மேலே சொன்னதெல்லாம் வருடத்துக்கு நாலைந்து நாள் தலைவலிதான். அப்பார்ட்மென்ட்காரர்களுக்குத்தான் தினசரிப் பாடு. வீட்டு மின் இணைப்பிலிருந்தே கார் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறை 2022-லேயே வழிகாட்டு நெறிமுறையில் சொல்லிவிட்டது. இருந்தாலும் அசோசியேஷன் மீட்டிங்கில் 'தீப்பிடிச்சா யார் பொறுப்பு?' என்று ஒருவர் எழுந்து நின்றால் கதை முடிந்தது. கார் புக் செய்வதற்கு முன் அந்த மீட்டிங்கை முடித்துக்கொள்வது உத்தமம். கரன்ட் பில்லையும் யோசியுங்கள். மாதம் 1,000 கி.மீ. ஓட்டினால், யூனிட்டுக்கு 7 கி.மீ. என்று வைத்தாலும் இரண்டு மாத பில்லில் சுமார் 300 யூனிட் கூடும். நம் ஊர்க் கட்டணத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் ஸ்லாப் கணக்கே மாறிவிடும். அப்படியும் பெட்ரோலைவிடக் குறைவுதான். வெளியே ஃபாஸ்ட் சார்ஜரில் போட்டால் அந்த லாபத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும். அந்தச் சேவைக்கு 18 சதவிகித ஜி.எஸ்.டி. வேறு.

சரி, பில்டு குவாலிட்டி?

கதவுச் சத்தத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். எலெக்ட்ரிக் காரில் தரம் என்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், தரைக்கும் சீட்டுக்கும் நடுவில் இருக்கிறது. காரின் விலையில் பெரும் பங்கு அந்தப் பேட்டரிப் பெட்டிதான். நம் தெரு ஸ்பீடு பிரேக்கரில் அடி தட்டினால் தட்டுவது அதைத்தான். டெஸ்ட் டிரைவில் வழவழ ரோட்டில் ஓட்டிவிட்டு வராமல், உங்கள் தெருவுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். குடும்பம் முழுக்க ஏறிக்கொண்டு, அந்த மேட்டில் ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். இன்ஷூரன்ஸ் போடும்போது பேட்டரியின் அடிப்பக்கச் சேதம், தண்ணீர் புகுந்த சேதம் இரண்டும் அதில் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

மழை பற்றிச் சென்னைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி பார்க்கிங்கில் மிதந்த கார்களை நாடே பார்த்தது. பேட்டரிக்கு 'ஐ.பி.67' என்று போட்டிருந்தால், ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம். இரண்டு நாள் மூழ்கிக் கிடந்தாலும் தாங்கும் என்று அர்த்தமில்லை. அப்படி மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்யவோ சார்ஜில் போடவோ கூடாது. கம்பெனி ஆள் வந்து பார்க்கும்வரை தள்ளி நிறுத்துவதுதான் சரி.

தீ பற்றிய பயமும் ஓரளவு நியாயமானதே. 2022 ஜூனில் மும்பை பக்கம் வசாயில் ஒரு நெக்ஸான் எரிந்த வீடியோ எல்லா மொபைலுக்கும் வந்தது. மத்திய அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. அந்த வருடம் ஸ்கூட்டர் தீவிபத்துகளும் சேர, பேட்டரிகளுக்கான பாதுகாப்பு விதிகள் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டமாகக் கடுமையாக்கப்பட்டன. இப்போது இங்கே விற்கும் பல கார்களில் இருப்பது எல்.எஃப்.பி. வகை பேட்டரி. சூட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். எடை அதிகம் என்பது அதன் குறை.

மோதலில் காப்பாற்றுமா என்பதற்கு இப்போது ஸ்டார் மதிப்பெண் இருக்கிறது. பாரத் என்.சி.ஏ.பி. சோதனையில் பஞ்ச் இ.வி., நெக்ஸான் இ.வி., மஹிந்திராவின் பி.இ.6, எக்ஸ்.இ.வி. 9இ எல்லாம் 5 ஸ்டார் வாங்கியவை. மறுபக்கம், திருவள்ளூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் சிட்ரோயனின் இ-சி3, 2024 மார்ச்சில் குளோபல் என்.சி.ஏ.பி.யில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு பூஜ்யம் ஸ்டார் வாங்கியது. அதன்பின் என்ன மாற்றினார்கள் என்று ஷோரூமில் கேட்டுப் பாருங்கள். அப்பா கேட்ட அந்த 'டப்' சத்தம் இதையெல்லாம் சொல்லாது.

சத்தம் என்றதும் ஒன்று. பெட்ரோல் காரில் சின்னச் சின்னக் கடகடப்புகளை இன்ஜின் சத்தம் விழுங்கிவிடும். இதில் இன்ஜினே இல்லை. டேஷ்போர்டின் ஒரு க்ளிப் லூஸாக இருந்தாலும் அப்பட்டமாகக் கேட்கும். பாட்டை நிறுத்திவிட்டு, ஏ.சி.யை அணைத்துவிட்டு, மோசமான ரோட்டில் பத்து நிமிடம் ஓட்டினால் அந்தக் காரின் பொருத்த வேலை எப்படி என்று தெரிந்துவிடும்.

தூத்துக்குடியிலிருந்து ஒரு புதுசு

நான் ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருப்பது வின்ஃபாஸ்ட்டை. வியட்நாம் கம்பெனி. தூத்துக்குடி சிப்காட்டில் 400 ஏக்கரில் கட்டிய ஆலையை 2025 ஆகஸ்ட் 4 அன்று முதல்வர் ஸ்டாலின் திறந்துவைத்தார். ஆரம்பத்தில் வருடத்துக்கு 50,000 கார் திறன். வி.எஃப்.6, வி.எஃப்.7 இரண்டும் அங்கேதான் பூட்டப்படுகின்றன.

இந்தக் கம்பெனியின் கதையில் டெஸ்லாவின் இரண்டு பக்கமும் இருக்கிறது. 2023-ல் வி.எஃப்.8 காரை அமெரிக்காவில் விற்கத் தொடங்கியபோது அங்குள்ள விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். சஸ்பென்ஷன் சரியில்லை, சாஃப்ட்வேர் சரியில்லை என்றார்கள். ஸ்க்ரீன் ஓடும்போதே அணைந்துவிடலாம் என்று முதலில் போன 999 கார்களையும் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. ஆனால் சொந்த நாட்டில் அவர்கள் ராஜா. அதற்கு ஒரு முக்கியக் காரணம் சார்ஜர். முதலாளி ஃபாம் நியாட் வுவாங் 2024-ல் 'வி-கிரீன்' என்று சார்ஜிங்குக்கே தனிக் கம்பெனி தொடங்கினார். நாடு முழுக்க 1,50,000 சார்ஜிங் போர்ட் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. அங்கே அவை வின்ஃபாஸ்ட் வண்டிகளுக்கு மட்டும்தான்.

இங்கே அந்த அளவுக்கு வசதி இல்லை. பெரும்பாலும் எல்லோரும் நிற்கும் க்யூவில்தான் வின்ஃபாஸ்ட்டும் நிற்க வேண்டும். அதனால் தூத்துக்குடி ஆட்களின் கைவேலை எப்படி என்பதை வைத்துத்தான் இந்தக் கார் இங்கே பேர் எடுக்கணும். நம் பிள்ளைகள் பூட்டுகிற வண்டி, நல்ல பேர் எடுக்கட்டும் என்ற ஆசை எனக்கு இருக்கிறது. அதற்காக ஸ்க்ரீனைச் சோதிக்காமல் வாங்கிவிடாதீர்கள்.

டெலிவரி அன்றைக்கு ஒரு வேலை. மாலை, பூசணிக்காய், எலுமிச்சைக்கு முன்னால், பகல் வெளிச்சத்தில் காரைச் சுற்றி வந்து இடுக்குகளைப் பாருங்கள், டிக்கிக் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். பிறகு ஷோரூம் ஆளையும் கூட்டிக்கொண்டு பக்கத்தில் உள்ள ஒரு பொது ஃபாஸ்ட் சார்ஜருக்குப் போய், ஐந்து நிமிடமாவது செருகிப் பாருங்கள். ஏறவில்லை என்றால் அங்கேயே தெரிந்துவிடும். அப்படியே பேட்டரி வாரன்ட்டித் தாளையும் வாங்கிப் படியுங்கள். வழக்கமாக 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. இப்போது சில கம்பெனிகள் 'லைஃப்டைம்' என்று பெரிய எழுத்தில் போடுகின்றன. கீழே சின்ன எழுத்தில் 'முதல் உரிமையாளருக்கு மட்டும்' என்று இருக்கும். அஞ்சு வருடம் கழித்து மச்சானுக்கு விற்கலாம் என்று நினைத்திருந்தால், அவருக்கு எத்தனை வருடம் மிச்சம் என்பதை அன்றைக்கே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.